சுமையாவின் கண்களும் ஒரு மலிவான பிளாஷும்

ஒரு மின்னல் என்று அத்தனை காலமும் நான் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு மின்னல்கள்.

அதைக் கண்டுகொண்டது கிண்ணியாவில், எங்கள் ஸ்டூடியோவின் பின்னறையில், ஒரு மத்தியான வேளையில். கைபேசியை ஒரு பிஸ்கட் பெட்டியில் சாய்த்து வைத்தேன். மெதுவாக ஓடும் காணொளியைத் தட்டிவிட்டு, அதற்கு நேரே கமராவைத் திருப்பிப் படம் எடுத்தேன். பிளாஷ் பளிச்சென்றது. என் கண்ணுக்கு ஒரு முறைதான். பிறகு காணொளியைப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு சின்ன ஒளி எழுந்து அணைந்தது. இருட்டு. அந்த இருட்டு நான் நினைத்ததைவிட நீண்டது. அதன் பிறகுதான் பெரிய ஒளி வந்து அறை முழுவதையும் வெளுக்க அடித்தது.

“ராத்தா!” என்று கத்தினேன்.

முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரி ஜெஸீமா ராத்தா எழும்பவில்லை. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். “என்ன, கரண்ட் அடிச்சிட்டா?”

“இல்ல. எங்கட பிளாஷ் ரெண்டு தரம் அடிக்குது.”

“நல்லந்தானே. ஒண்டுக்கு ஒண்டு இலவசம்.”

நான் சிரிக்கவில்லை. மேசையில் சுமையாவின் நிச்சயதார்த்த அல்பம் திறந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது தலைக்குள் ஏதோ சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. குறை அந்தப் பிள்ளையின் கண்ணில் இல்லை. எங்கள் பிளாஷில் இருக்கிறது.

சுமையாவைப் பற்றிச் சொல்ல முதல் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் லிங்கநகர்க்காரி. பெயர் சுகன்யா. சென்ற மாதம் கலியாண வீட்டுப் படத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெறுகிற வயது இல்லைதான். முப்பது கூட ஆகவில்லை. ஆனால் காத்திருந்த ஆசிரியர் நியமனம் வந்துவிட்டது. கிளிவெட்டியில் பௌதிகம் படிப்பிக்கிறேன். ஸ்டூடியோவில் பிரியாவிடை என்று ராத்தா வட்டிலப்பம் செய்து கொண்டுவந்திருந்தார். எனக்குப் பதிலாகச் சேர்ந்திருக்கிற ஹஸ்னா, வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “அக்கா, ஒரே ஒரு பிளாஷ் வாங்கிறதெண்டா எதை வாங்க? மலிவா இருக்கோணும்.”

அங்கேயே பதில் சொல்லத் தொடங்கினேன். பஸ் வந்துவிட்டது. மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயரும் இலக்கமும் எழுதி, இதை வாங்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் வாங்க வேண்டும் என்பது சுமையா இல்லாமல் விளங்காது.

பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்த நேரத்தில், மூன்று மாதம் என்று சொல்லி இந்த வேலைக்கு வந்தேன். மூன்று மாதம் வருடங்களாகிவிட்டது. முதல் வருடம் பை தூக்கினேன், பற்றரி மாற்றினேன், மணமகளின் முந்தானையைச் சரிசெய்தேன். இரண்டாம் வருடம் கமரா கைக்கு வந்தது. பழகிய கதை அவ்வளவுதான்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் படக்காரர் வர முடியாது. பெண்கள்தான் எடுக்க வேண்டும், பெண்கள்தான் கணினியில் திருத்த வேண்டும், பெண்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஜெஸீமா ராத்தாவின் ஸ்டூடியோ நடந்தது அந்த நம்பிக்கையில்தான். பெண்கள் பக்கம் என்றால் யன்னலுக்கெல்லாம் திரை, வாசலுக்குச் சேலை மறைப்பு, நடுப்பகலிலும் மங்கல் வெளிச்சம். எங்கள் பழைய கமராக்களில் அந்த வெளிச்சத்தில் எடுத்தால் முகத்தில் ரவை தூவினமாதிரி இருக்கும். அதனால் பிளாஷ் இல்லாமல் எங்களுக்குத் தொழில் இல்லை.

ராத்தாவின் வேலை முறை தனி. கலியாண வீட்டுக்குள் போனதும் கமராவை வெளியே எடுக்க மாட்டார். பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பாயில் உட்காருவார். குடிக்கக் கொடுப்பதைக் குடிப்பார். “இது ஆர்? மாப்பிள்ளைட சாச்சியா? முகம் அப்படியே இருக்குது” என்று ஒவ்வொருவரோடும் கதைப்பார். யார் யாருக்கு என்ன முறை, யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் அந்தக் கதையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். எல்லோரும் அவரை மறந்த பிறகுதான் கமரா வெளியே வரும். சிரியுங்கள் என்று அவர் ஒருவரிடமும் சொன்னதை நான் கேட்டதில்லை. ஒரு கண்டிப்பான சட்டம் வைத்திருந்தார்: கலியாண வீட்டுக்குள் புதிதாக ஒன்றையும் சோதிக்கக் கூடாது. எது தெரியுமோ அதை மட்டும் செய். “பொண்ணு ஒரு நாளைக்குத்தான் பொண்ணு. உன்ட பரிசோதனைக்கு அவள்ட நாள் இல்ல, டீச்சர்.”

பௌதிகம் படித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டல்தான்.

சுமையா குறிஞ்சாக்கேணிப் பெண். அவளுடைய நிச்சயதார்த்தத்தை ராத்தாதான் எடுத்தார். நானும் போயிருந்தேன். கணினியில் படங்களை ஏற்றிப் பார்த்தால் பிளாஷ் போட்ட ஒரு படத்திலும் அவளுக்குக் கண் திறந்திருக்கவில்லை. அரைக்கண் கூட இல்லை. முழுதாக மூடி, இமை மயிர் கன்னத்தில் படுக்கிறது. கண் சிமிட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். பத்தில் இரண்டு போகும், மிச்சம் தேறும். இப்படி ஒன்றும் மிஞ்சாமல் போனதை அன்றுதான் பார்த்தோம்.

ராத்தா கணினியில் உட்கார்ந்தார். அல்பம் அழகாகப் போனது. ஒரு வாரம் கழித்து சுமையாவே அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். கோபமாக வரவில்லை. முகத்திரையை விலக்கிக் கதிரையில் உட்கார்ந்து, அல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, இது உங்கட கண்.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். வெளிச்சம் பார்ப்பதற்காக என்னை உட்கார வைத்து எடுத்த படங்கள் கணினியில் ஏராளம் கிடந்தன. ராத்தா அவற்றிலிருந்து கண்களை வெட்டி, சுமையாவின் முகத்தில் பொருத்தி, மை தீட்டி, நிறம் சேர்த்திருந்தார். நேர்த்தியான வேலை. என் இடது இமையில் இருக்கிற சின்ன மச்சத்தை மட்டும் அழிக்க மறந்துபோனார்.

ராத்தாவின் முகம் வெளிறியது. “மகள், கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்க மனசு வரல்ல. அதால…”

“தெரியும் ராத்தா. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க.” அவள் அல்பத்தை மூடினாள். “உம்மாவுக்கும் இப்படித்தான். நான் சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள மௌத்தாகிட்டா. உம்மாட படம் நாலஞ்சு இருக்குது. ஒண்டுலயும் கண் திறந்தில்ல. அடையாள அட்டையை மரணப் பதிவுக்குக் குடுத்த இடத்துல அதுவும் போயிட்டு. உம்மாட முகம் எனக்கு ஞாபகம் இருக்குது. கண் மட்டும் ஞாபகம் இல்ல.”

ராத்தா எழும்பிப்போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தொடர்ந்தாள்.

“கலியாணம் முடிஞ்சி கொஞ்ச நாளையில அவர் வெளிநாட்டுக்குப் போயிருவார். ரெண்டு வருசத்துக்கு என்ட படம்தான் அவர்ட கையில. கண் மூடின படத்தை வச்சி என்ன செய்ற? மௌத்தான ஆள்ட மையத்தைப் பாக்கிற மாதிரி இருக்கும். கலியாணப் படத்துல ஒண்டு, ஒண்டே ஒண்டு, என்ட கண்ணோட எடுத்துத் தாங்க.”

அவள் அல்பத்தை எங்களிடம் விட்டுப் போன பிறகுதான், அதை மறுபடி திறந்து வைத்துவிட்டு நான் அந்தப் பிஸ்கட் பெட்டியை எடுத்தேன்.

ஹஸ்னா, இதுதான் விசயம். பிளாஷின் ஒளி வந்துபோகிற நேரம் கண்ணிமை அசைகிற நேரத்தைவிட மிகமிகக் குறைவு. எவ்வளவு வேகமான இமையாக இருந்தாலும் அந்த ஒளியைப் பார்த்துவிட்டு, அதே ஒளியில் எடுபடும் படத்துக்குள் மூட முடியாது. எங்களிடம் இருந்த விலை கூடிய தானியங்கிப் பிளாஷ் மிகவும் கெட்டித்தனமானது. படம் எடுக்க முதல் ஒரு சின்ன ஒளியை அனுப்பும். அது திரும்பி வருகிற அளவைப் பார்த்து எவ்வளவு அடிக்க வேண்டும் என்று தானே முடிவெடுத்து, பிறகு அடிக்கும். அந்த இடைவெளி எங்களுக்குத் தெரியாது. வேகமான இமைக்குத் தெரியும். சின்ன ஒளிக்கு மூடத் தொடங்கி, பெரிய ஒளி வருகிறபோது முழுதாக மூடியிருக்கும். சுமையாவின் இமை மற்றவர்களுடையதைவிட வேகமானது. அவளுடைய உம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துச் சின்னக் கமராக்களும் கண் சிவப்பாகாமல் இருக்க முன்கூட்டியே ஓர் ஒளி அடித்தவைதான்.

கெட்டித்தனம் இல்லாத பிளாஷ் ஒன்று வேண்டும். ஒன்றையும் அளக்காமல், ஒன்றையும் யோசிக்காமல், நான் சொன்ன அளவை ஒரே ஒரு முறை அடிக்கிற பிளாஷ். கையால் அளவு வைக்கிற இனத்துக்கு மனுவல் என்று பெயர். அது கடையில் மலிவு. நல்ல காலம்.

வாங்கப் போன இடத்தில் முதலில் துறைமுக வீதிப் பழைய சாமான் கடையில் நின்றேன். கப்பலில் வந்த கனமான பழைய பிளாஷ் ஒன்று கிடந்தது.

“இது அந்தக் காலச் சாமான் தங்கச்சி. யானை மிதிச்சாலும் ஒண்டும் ஆகாது” என்றார் கடைக்காரர்.

மின்னழுத்தம் பார்க்கிற கருவியை அன்று பையில் கொண்டுபோயிருந்தேன். பிளாஷின் அடிப்பக்கம் கமராவைத் தொடுகிற முனையில் வைத்தால் முள் இருநூறு வோல்ட்டைத் தாண்டி ஓடியது. இந்தக் காலத்துக் கமரா அதைத் தாங்காது. முதல் அடியிலேயே உள்ளே எரிந்துவிடும்.

“யானைக்கு ஒண்டும் ஆகாது அண்ணே. கமரா செத்துப்போகும்.”

“அப்ப யானையைப் படம் எடுக்கிற ஆக்களுக்கு விக்கிறன்” என்று அவர் அதைத் துடைத்துத் திரும்ப வைத்தார்.

பழசு மலிவு என்று ஓடாதே, ஹஸ்னா. புதிதில் மலிவானதை எடு. பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். தலை மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கத்துக்கும் திரும்ப வேண்டும். வீட்டில் மணிக்கூட்டுக்குப் போடுகிற அதே சின்னப் பற்றரியில் ஓட வேண்டும். பற்றரி தீர்ந்தால் குறிஞ்சாக்கேணிச் சந்தியிலும் வாங்கலாம். திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய பற்றரி என்றால் இன்னும் நல்லது. கமராவில் இருந்து கழற்றித் தூர வைத்து அடிக்க, கம்பியில்லாமல் கட்டளை வாங்குகிற கருவி அதற்குள்ளேயே இருக்க வேண்டும். பற்றரி வைக்கிற குழியைத் திறந்து அடியில் உள்ள சுருளைப் பார். வெள்ளையாகவோ பச்சையாகவோ துருப் பூத்திருந்தால் வைத்துவிட்டு வா. எங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு அது தொடக்கம், முடிவு இல்லை. முக்கியமானது, அளவைக் குறைக்கக் குறைக்கக் குறைய வேண்டும். முழு அளவில் எந்தப் பிளாஷும் அடிக்கும். கெட்டிக்காரத்தனம் சின்ன அடியில்தான் இருக்கிறது.

அந்த அளவுகளுக்கு நான் தமிழிலேயே பேர் வைத்துக்கொண்டேன். அரை, கால், எட்டில் ஒன்றுக்கு அரைக்கால், பதினாறில் ஒன்றுக்கு வீசம். ராத்தாவுக்கு வீசம் என்ற சொல் மிகவும் பிடித்துப்போனது. “என்ன புள்ள, பொன்னா நிறுக்கிறாய்?” என்று கேட்டார். ஆனாலும் பிளாஷைத் தொட மாட்டேன் என்றார்.

மனுவலில் தூரம்தான் எல்லாம். ஆள் இரண்டு மடங்கு தள்ளி நின்றால் ஒளி நாலு மடங்கு வேண்டும். தூரத்தை எப்படி அளப்பது? கீழே பார்த்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் நிலத்துக்கு டைல் பதித்திருக்கிறார்கள். பழைய வீட்டில் ஓரடி டைல், புது வீட்டில் இரண்டடி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதத்தை வைத்துப் பார்த்துவிடலாம். நாலடிக்கு வீசம். எட்டடிக்குக் கால். இடையில் அரைக்கால். மனப்பாடமாகிவிட்டது. வீதியில் நடக்கும்போது கூட யாரையாவது பார்த்தால் ‘அரைக்கால்’ என்று வாய் முணுமுணுத்தது.

சோதிக்க இடம் வேண்டும். கலியாண வீட்டில் சோதிக்க முடியாது. ராத்தா தன் தங்கை மகளின் பிறந்தநாளைத் தந்தார். “என்ட வீட்டு ஆக்களை என்னவும் செய்.” முற்றத்துப் பந்தலில் எடுத்தேன். முகத்துக்கு நேரே அடித்தால் கடுமையாக இருக்கும் என்று, பிளாஷின் தலையை நிமிர்த்திக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடித்தேன். கூரை நீலத் தறப்பாள். அதை நான் யோசிக்கவில்லை. படத்தில் எல்லோரும் நீலமாக இருந்தார்கள். கேக்கும் நீலம்.

ராத்தா நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். “முழுக் குடும்பமும் கடலுக்கடியில பிறந்தநாள் கொண்டாடின மாதிரி இருக்குது, டீச்சர்.”

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நிலத்தைப் பார்த்தேன், கூரையையும் பார்த்தேன்.

சுமையாவின் கலியாணத்துக்கு முதல் நாள் ராத்தா தீர்ப்புச் சொன்னார். முக்கியமானவற்றை அவர் தன் பிளாஷில் எடுப்பார். நான் பக்கத்தில் நின்று என் பிளாஷில் எடுக்கலாம். “உனக்கு ஒண்டு கிடைச்சா சரி. எனக்கு நூறு வேணும். நகை போடுற படம், மாமிமார் நிக்கிற படம் ஒண்டும் இல்லாம அவங்கட கையில வெறுங்கமராவைக் குடுக்க ஏலாது.” அவர் சொன்னதில் பிழை இல்லை. கலியாண வீட்டில் ஒருவருடைய கண்ணுக்காக மற்ற எல்லோரையும் விட முடியாது.

நிலத்தில் ஓரடி டைல் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். உள்ளே போனால் டைலே தெரியவில்லை. சுவரில் இருந்து சுவர் வரை கம்பளம். கம்பளத்தின் மேல் பெண்கள். கம்பளத்தை இழுத்துப் பார்க்கவும் இடம் இல்லை.

சால்வையைக் கழற்றினேன். என் சால்வையின் நீளம் எனக்குத் தெரியும். கொஞ்சம் கூடக்குறைய ஆறரை அடி. ஒரு முனையைச் சுமையாவின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தேன், மற்ற முனையைப் பின்னால் இழுத்தேன்.

கிழவி ஒருவர் பாயில் இருந்து கேட்டார்: “இவள் போட்டோக்காரியா, டெய்லரா?”

“மூக்குக்குச் சட்டை தைக்கிறா” என்றது இன்னொரு குரல்.

அறை முழுக்கச் சிரித்தது. சுமையாவுக்கும் அடக்க முடியவில்லை. மேடைக் கதிரையில் நகையோடு குலுங்கினாள். அரைக்கால் வைத்தேன். ராத்தாவும் கமராவைத் தூக்கினார். அந்தச் சிரிப்பை இருவரும் ஒன்றாகவே அழுத்தினோம்.

பார்த்தேன். கண் மூடியிருந்தது.

இன்னொன்று. மூடியிருந்தது. இன்னொன்று. என் பிளாஷ் ஒரு முறைதான் அடிக்கிறது. எத்தனை தரம் காணொளி எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிறகு ஏன்? சுமையா என் முகத்தைப் பார்த்தாள். தலையைக் குனிந்து கை மருதாணியைப் பார்க்கத் தொடங்கினாள்.

ராத்தாவின் பிளாஷ் மறுபடி அடித்தது. அப்போதுதான் விளங்கியது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அழுத்துகிறோம். அவருடைய சின்ன ஒளிதான் முதலில் போகிறது. சுமையாவின் இமை அதற்கு மூடுகிறது. நான் எடுப்பது மூடின கண்ணை.

நான் அவரிடம் போய்க் காதுக்குள் சொன்னேன். “ராத்தா, உங்கட பிளாஷ் இருக்கிற வரைக்கும் என்டதால ஒண்டும் செய்ய ஏலாது.”

அவர் என்னைப் பார்த்தார். கலியாண வீட்டுக்குள் புதிதாக ஒன்றும் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்த வீடு நிறைய அவருக்குத் தெரிந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் நகை போட வருகிற நேரம். அவருடைய பிளாஷ் நீலக்கூரைப் பிளாஷ் அல்ல; எத்தனையோ கலியாணங்களில் ஒரு நாளும் அவரைக் கைவிடாதது. சுமையா இன்னும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்தா கமராவில் இருந்து பிளாஷைக் கழற்றினார். பையில் வைத்துப் பையின் பல்லை இழுத்து மூடினார். கமராவையும் அதன் மேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நான் எங்க நிக்கோணும்?”

என் பிளாஷைக் கமராவில் இருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, அதன் இடத்தில் கட்டளை அனுப்புகிற கருவியைச் செருகினேன். உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். சால்வையின் ஒரு முனையை அவர் விரலில் சுற்றி, மறுமுனையைச் சுமையாவின் மூக்குக்குக் கொண்டுபோய், இழுத்து, அங்கேயே நிற்க வைத்தேன்.

“அசையாதீங்க ராத்தா. அசைஞ்சா அளவு பிழைக்கும்.”

“நான் தூணா?”

“ஓம். இண்டைக்கு நீங்க தூண்.”

“தூணுக்குத் தேத்தண்ணி குடுப்பாங்களா?” என்று ராத்தா சபையைப் பார்த்துக் கேட்டார். பாயில் இருந்த கிழவி, “தூணுக்கு வாய் எங்க இருக்குது?” என்றார். சுமையா தலை நிமிர்ந்து சிரித்தாள். நான் சால்வையைக் கீழே விட்டு அழுத்தினேன்.

திரையில் சுமையா என்னைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் திறந்து, சிரிப்பில் கொஞ்சம் சுருங்கி, ஓரத்தில் ஈரம் மின்ன. தேன் நிறம். எனக்கு அதுவரை அந்த நிறம் தெரியாது. மங்கல் வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரிந்தது.

கமராவைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பக்கத்தில் நின்ற பெரியும்மாவை, அதாவது அவளுடைய உம்மாவின் மூத்த சகோதரியை, கையைப் பிடித்து இழுத்தாள். அவர்தான் அவளை வளர்த்தவர். பெரியும்மா கண்ணாடியைத் தேடிப் போட்டு, திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யா அல்லாஹ்” என்றார். “இது அவள்ட கண். இந்தப் பிள்ளைட முகத்துல நான் நெடுகப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கன். இப்படி நிப்பாட்டி வச்சிப் பாத்ததில்ல. இது என்ட தங்கச்சிட கண்.”

சுமையா கமராவை என்னிடம் திருப்பித் தரவில்லை. திரை தானாக அணைந்தது. மறுபடி ஒளிரச் செய்து தரச் சொன்னாள். மறுபடியும் அணைந்தது. மறுபடியும் கேட்டாள். அந்த நேரம் மாப்பிள்ளை வருகிறார் என்று வாசலில் சத்தம் கேட்டது. பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்தார்கள். ராத்தா இன்னும் கையை உயர்த்தியபடியே நின்றார்.

“டீச்சர், தூணுக்குக் கை நோகுது. எடுக்கிறதெண்டா கெதியா எடு.”

நகை போடுகிற படத்தையும், மாமிமார் நிற்கிற படத்தையும் அன்று நான் எடுத்தேன். எல்லாம் அரைக்காலில். ராத்தா இடம் மாறும்போதெல்லாம் தானாகவே சால்வையை நீட்டி அளந்துகொண்டார். அவர் கேட்ட நூறு கிடைக்கவில்லை. ஓடித் திரிகிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் கறுப்பாகவோ வெளுப்பாகவோ போனார்கள். மனுவல் பிளாஷ் ஓடுகிறவர்களுக்கு நல்லதல்ல, ஹஸ்னா. அதை ஒளிக்க மாட்டேன். ஒரு சாச்சிக்குத் தன்னுடைய புதுச் சங்கிலி படத்தில் தெளிவில்லை என்று இன்றைக்கும் எங்களோடு கோபம். ஓடுகிற இடத்துக்கு ராத்தாவின் பிளாஷ்தான் சரி. உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்கிற இடத்துக்கு இந்த மலிவானது. இரண்டையும் ஒன்றாக அடிக்காதே.

அடுத்த கிழமை கணினியில் இருந்த என் கண்களை எல்லாம் ராத்தா அழித்தார். ஒன்றை மட்டும் விட்டு வைத்திருப்பதாகச் சொன்னார், எனக்கு நியமனம் வந்தால் பிரியாவிடைப் பதாகைக்கு வேண்டும் என்று. பிறகு கிராக்கி தானாக வந்தது. “கண் மூடுற ஆக்களைக் கண் திறக்க வைக்கிற பொம்புளைகள்” என்று பெயர் போய்விட்டது. பெண்கள் வெட்கப்பட்டு, கதவோரம் நின்று, “எனக்கும் அந்த வருத்தம் இருக்குது” என்று சொல்வார்கள். வருத்தமும் இல்லை நோயும் இல்லை, இமை வேகம் என்று நான் விளக்கத் தொடங்குவேன். ராத்தா என்னை இடித்து நிறுத்துவார். “விளக்கம் பிறகு. முதல்ல உக்காரச் சொல்லு.”

இனி ஒன்று இருக்கிறது. எனக்கு இன்னும் முடியாதது.

சென்ற கிழமை சுமையா தொலைபேசியில் பேசினாள். பெரியும்மாவின் படம் ஒன்று வேண்டுமாம். அவருக்கும் வயதாகிறது, அவருக்கும் கண் திறந்த படம் ஒன்று கூட இல்லை. சனி ஞாயிறில் போய் மூன்று தரம் முயன்றுவிட்டேன். என் பிளாஷுக்கும் அவர் கண் மூடுகிறார். யன்னல் வெளிச்சத்தில், பிளாஷே இல்லாமல் எடுத்தாலும் மூடுகிறார். கவனித்துப் பார்த்தேன். அவர் ஒளிக்கு மூடவில்லை. நான் கமராவை முகத்துக்குத் தூக்குகிற அந்தக் கைக்கு மூடுகிறார். அதற்கு எந்தக் கடையிலும் பிளாஷ் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு குறிஞ்சாக்கேணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என் திட்டத்தைப் பெரியும்மாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். கமராவை அவர் வீட்டு அலுமாரியின் மேல் வைப்பேன். பிளாஷை யன்னல் விளிம்பில். அளவு வீசம். தூர இருந்து அழுத்துகிற சின்னக் கருவி என் மடியில், சால்வைக்குக் கீழே. கையில் ஒன்றும் இல்லாமல் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் தங்கச்சியைப் பற்றிக் கேட்கப் போகிறேன். எப்போது அழுத்துகிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் அழுத்த நினைக்கிற நொடியில் என் முகம் மாறுமே, அதையும் அவர் பிடித்துவிடுவாரே என்றுதான் யோசனை. கதையில் நான் உண்மையாகவே மூழ்கிப்போய், விரல் தன்பாட்டில் அழுத்த வேண்டும். அதைப் பழகத்தான் இந்தக் கிழமை முழுவதும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் எல்லாம் கதை கேட்டுக்கொண்டு கிளிவெட்டிக்குப் போய்வருகிறேன், அந்தக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு.